மூன்று இஸ்பேட் விழுந்த மேசை

இஸ்பேட் ராஜா, இஸ்பேட் எட்டு, இஸ்பேட் நாலு. போக்கர் மேசையின் நடுவில் மூன்றும் மல்லாந்து கிடக்கின்றன. ஆட்டக்காரர் ஒருவர் கையில் ஆர்ட்டின் எட்டும் டைமண்ட் எட்டும். மேசையில் உள்ளதோடு சேர்த்தால் மூன்று எட்டு. வேறொரு மேசையில் இந்தக் கை வந்திருந்தால் எதிராளியின் காசை ஒட்டக் கறந்துவிடலாம். இங்கே அவர் வழக்கம்போலப் பணத்தை அள்ளி நடுவில் தள்ளினால், அவருக்குக் கீழே உள்ள கைகள் எல்லாம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிடும். அவரை ஜெயித்துவிட்ட கைகளும், ஜெயிக்க நல்ல வாய்ப்புள்ள கைகளும் மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கும். நல்ல சீட்டு வந்ததே வினையாகிவிடக்கூடிய இந்த இடத்தில்தான் டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தின் நுட்பம் முழுதாக வெளிப்படுகிறது.

ரம்மியோடு வளர்ந்தவர்களுக்கு ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் ஐந்து. முதலில் மூன்று சேர்ந்தாற்போல் வரும், அது ஃப்ளாப். அடுத்து ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ‘ரெய்ஸ்’ என்று ஏற்றலாம், விலகலாம், எதுவும் கட்டாமல் ‘செக்’ சொல்லிக் காத்திருக்கலாம். முடிவில் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தைப் பார்ப்பார்கள். மூன்று ஒரே எண் சேர்ந்தால் செட். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் ஃப்ளஷ். அது செட்டை வெல்லும். மூன்றும் இரண்டுமாகச் சேர்வது ஃபுல் ஹவுஸ்; அது ஃப்ளஷை வெல்லும். இங்கே இவ்வளவு தெரிந்தால் போதும்.

52 சீட்டிலிருந்து ஃப்ளாப்புக்கு மூன்றை எடுக்க 22,100 வழிகள் உண்டு. மூன்றும் ஒரே இனமாக அமைபவை அவற்றில் 1,144. நூற்றுக்கு ஐந்து சொச்சம். அப்படி அமைகிற நேரத்தில் தன் கையும் பெரிதாக இருப்பது இன்னும் அபூர்வம். அதனால் நாள்பட ஆடியவர்களுக்கும் இந்த இடத்தில் பழக்கம் கைகொடுப்பதில்லை. மூன்று இஸ்பேட்டைக் கண்டதும் சிலரைப் பயம் பிடித்துக்கொள்கிறது: எவனோ ஃப்ளஷ் வைத்திருக்கிறான். வேறு சிலரை அவசரம் பிடித்துக்கொள்கிறது: நாலாவது இஸ்பேட் வருவதற்குள் அடித்து விரட்டிவிட வேண்டும்.

பயத்தைக் கணக்குப் போட்டுத் தணிக்கலாம். எட்டு ஜோடிக்காரரின் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 47. எதிராளியிடம் இருக்கக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,081. அவற்றில் இரண்டுமே இஸ்பேட்டாக, அதாவது இப்போதே ஃப்ளஷாக, இருப்பவை 45 மட்டும். ஒற்றை இஸ்பேட் உள்ளவை 370. இஸ்பேட்டே இல்லாதவை 666. நிஜத்தில் யாரும் கிடைத்த சீட்டோடெல்லாம் ஆட்டத்துக்குள் வருவதில்லை. ஒரே இனத்தில் இரண்டு வந்தால் ஆசைப்பட்டு நுழைகிறவர்கள் நிறைய. எனவே விகிதம் கொஞ்சம் நகரும். ஆனாலும் ஃப்ளஷ் தயாராக இருப்பது அபூர்வம், ஒற்றை இஸ்பேட் ஒளிந்திருப்பது சகஜம் என்ற நிலைமை மாறாது.

இனி இந்த மேசையின் குறும்பைப் பார்க்கலாம். நடுவில் கிடப்பது இஸ்பேட் எட்டு. கட்டில் இஸ்பேட் எட்டு ஒன்றுதான். ஆகவே எட்டு ஜோடி வைத்திருப்பவர் கையில் இஸ்பேட் இருக்கவே முடியாது. ராஜா ஜோடிக்கும் நாலு ஜோடிக்கும் அதே கதி. ராஜாவும் எட்டும் வைத்து இரண்டு ஜோடி சேர்த்தவரும் அப்படித்தான். மூன்றும் ஒரே இனமான ஃப்ளாப்பில் செட்டோ இரண்டு ஜோடியோ சேர்த்தவர் எவரிடமும் அந்த இனத்தில் ஒரு சீட்டுக்கூட இராது. இதற்கு விதிவிலக்கே கிடையாது. கட்டின் அமைப்பே அப்படி. இருபத்தெட்டு ஆடுகிறவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும்: ஜாக்கியும் ஒன்பதுமாகக் கை நிறைந்திருக்கும், துருப்பில் ஒரு சீட்டு இராது.

குறும்பு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. எட்டு ஜோடிக்காரர் டர்னில் தப்பிக்க ஏழு சீட்டுகள் உள்ளன: மீதமுள்ள கிளாவர் எட்டு, மூன்று ராஜா, மூன்று நாலு. எட்டு வந்தால் நாலும் ஒரே எண். மற்ற ஆறில் எது வந்தாலும் ஃபுல் ஹவுஸ். இந்த ஏழில் ஒன்றுகூட இஸ்பேட் இல்லை. இவரைக் காப்பாற்றுகிற டர்ன் சீட்டு அதே நேரத்தில் எதிராளிக்கு ஃப்ளஷைக் கொடுக்காது. டர்ன் ஏமாற்றிவிட்டால், டர்னில் வந்த எண்ணும் சேர்ந்து, ரிவரில் உதவும் சீட்டுகள் பத்தாகின்றன. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு வாய்ப்பு. எதிராளி இப்போதே ஃப்ளஷ் வைத்திருந்தாலும் நிலைமை இதுதான், 35 சதவீதத்தை ஒட்டி வரும். அவரிடம் வெறும் இஸ்பேட் ஏஸ் ஒன்று மட்டும் என்றால், செட்டுக்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சாதகம். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கிற ஒன்றைப் பயந்துபோய்க் கவிழ்ப்பது பாவம்.

அப்படியானால் எவ்வளவு கட்டுவது? ரசனைக்கு உரிய கேள்வி இதுதான்.

நடுவில் 100 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செட்காரர் 100 கட்டுகிறார். இஸ்பேட் இல்லாத ராஜா–ராணி விலகும். இஸ்பேட் இல்லாத ஒன்பது ஜோடி விலகும். சின்ன இஸ்பேட் ஒன்றை வைத்துக்கொண்டு கனவு கண்டவரும் விலகுவார். தங்குகிறவர்கள் யார்? ஃப்ளஷ்காரர், ஒற்றை ஏஸோ ராணியோ இஸ்பேட்டில் வைத்திருப்பவர். ஆக, தம்மிடம் தோற்கக்கூடிய ஆட்களை எல்லாம் தாமே செலவு செய்து வெளியே அனுப்பியிருக்கிறார்.

அதே இடத்தில் 33 கட்டட்டும். ராஜா–ராணிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போட்டுவிடுவார். ஒன்பது ஜோடியும் ஒரு இஸ்பேட்டும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே மாட்டார். ஒற்றை இஸ்பேட்காரர் 33 போட்டு மொத்தம் 166-ஐத் துரத்துகிறார். ஐந்தில் ஒரு வாய்ப்பு இருந்தால் அந்த விலை கட்டுப்படியாகும். டர்னில் இஸ்பேட் வர அவர் பார்வையில் 47-க்கு 9, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நியாய விலைதான். நியாய விலைக்கு விற்று செட்காரருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் பின்னால் வருகிறது. நாலாவது இஸ்பேட் விழுந்தால் மேசை முழுதும் உஷாராகிவிடும், செட்காரரும் பையை மூடிவிடுவார். இஸ்பேட் ஆறு வைத்திருப்பவரோ யாரிடம் ஜாக்கி இருக்கிறதோ, ராணி இருக்கிறதோ என்று தன் ஃப்ளஷையே நம்பமாட்டார். சீட்டு வந்தும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. வராவிட்டாலோ இன்னொரு தடவை கட்ட வேண்டும்.

அந்த இன்னொரு தடவை இப்படி நடக்கும். 33-ஐ எதிராளி போட்டதும் நடுவில் 166. டர்னில் டைமண்ட் இரண்டு, ஒன்றுக்கும் உதவாத சீட்டு. இப்போது செட்காரர் 110 கட்டுகிறார். ஒற்றை இஸ்பேட்காரருக்கு இனி ஒரே சீட்டுதான் பாக்கி, வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அவர் கொடுக்கும் விலைக்கோ 28 சதவீதம் வேண்டும். ஃப்ளாப்பில் மலிவாக உள்ளே அழைத்து, டர்னில் விலையை ஏற்றியாயிற்று. முதல் பந்தயம் சிறியதாக இருந்ததால்தான் இரண்டாவது பந்தயத்துக்கு ஆள் இருக்கிறார். இந்த இரண்டு அடிகளுக்கும் இடையில் உள்ள அளவு வித்தியாசம்தான் தேர்ந்த ஆட்டக்காரரின் கையெழுத்து.

டர்னில் இஸ்பேட் ஜாக்கி வந்துவிட்டால் நடை மாற வேண்டும். செக் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ரிவரில் உதவக்கூடிய சீட்டுகள் 46-ல் 10, அதாவது 22 சதவீதத்தை ஒட்டி. எதிராளி 166-க்குப் பாதியாக 83 கட்டினால் 25 சதவீதம் தேவை. எதிராளி சில தடவை வெறுங்கையோடு மிரட்டுவார். ஃபுல் ஹவுஸ் விழுந்தால் மேலும் வசூலிக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஒப்பேறிவிடும். முழு 166 கட்டினால் தேவை 33 சதவீதம். அப்போது மூன்று எட்டையும் முகம் மாறாமல் கவிழ்க்கத் தெரிய வேண்டும். பலருக்கு அது வருவதில்லை. ஃப்ளாப்பில் அழகாக இருந்த கை ரிவர்வரை அழகாகவே இருக்கும் என்ற எண்ணம் பல பேரின் பணத்தைத் தின்றிருக்கிறது.

டர்னில் டைமண்ட் இரண்டு வந்த மேசைக்கே திரும்பினால், ரிவரில் வேடிக்கையான சீட்டு ஒன்று காத்திருக்கிறது: இஸ்பேட் இரண்டு. ஒற்றை இஸ்பேட்காரருக்கு ஃப்ளஷ். எட்டு ஜோடிக்காரருக்கு எட்டு மூன்றும் இரண்டு இரண்டுமாக ஃபுல் ஹவுஸ். ஒரே சீட்டு இருவரையும் ஒரே நொடியில் மகிழ்விக்கும். இந்த வகைச் சீட்டு உலகப் பட்டத்தையே முடிவு செய்திருக்கிறது. 2002-ல் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில், கடைசி இருவராக ராபர்ட் வர்க்கோனியும் ஜூலியன் கார்ட்னரும் மிஞ்சினார்கள். வர்க்கோனியிடம் டைமண்ட் ராணி, இஸ்பேட் பத்து. கார்ட்னரிடம் கிளாவர் ஜாக்கி, கிளாவர் எட்டு. ஃப்ளாப்பில் கிளாவர் ராணி, கிளாவர் நாலு, இஸ்பேட் நாலு. டர்னில் டைமண்ட் பத்து. ரிவரில் வந்தது கிளாவர் பத்து. கார்ட்னர் தேடிய கிளாவர் வந்துவிட்டது. அதே கிளாவர் வர்க்கோனிக்கு மூன்றாவது பத்தாகி ஃபுல் ஹவுஸை முடித்தது. பரிசு 20 லட்சம் டாலர். அமெச்சூர் ஆட்டக்காரரான வர்க்கோனி ஜெயித்தால் தலையை மொட்டையடித்துக்கொள்கிறேன் என்று முன்னாள் சாம்பியன் ஃபில் ஹெல்முத் வாய்விட்டிருந்தார். சொன்னபடி மழித்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே போட்டியின் கடைசிக் கையில் நேர்மாறான கூத்து. கிறிஸ் ஃபெர்குசனிடம் இஸ்பேட் ஏஸ், கிளாவர் ஒன்பது, டி.ஜே. க்ளூட்டியரிடம் டைமண்ட் ஏஸ், கிளாவர் ராணி. மேசையில் விழுந்த ஐந்தில் நாலு ஆர்ட்டின். இருவர் கையிலும் ஆர்ட்டின் கிடையாது! நாலு ஆர்ட்டின் பயமுறுத்திக் கிடந்தும், ரிவரில் வந்த ஆர்ட்டின் ஒன்பது கொடுத்த வெறும் இரண்டு ஜோடியில் ஃபெர்குசன் பட்டம் வென்றார்.

இனத்தின் ஒற்றைச் சீட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2014-ல் ஒரு கை காட்டியது. நுழைவுக் கட்டணமே 10 லட்சம் டாலர் என்ற பிக் ஒன் ஃபார் ஒன் டிராப் போட்டியில் கேரி காட்ஸிடமும் கானர் டிரைனனிடமும் ஏஸ் ஜோடி. கட்டில் உள்ள நாலு ஏஸும் இரண்டு பேர் கையில். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவைக்கு மேல் இது சமனில் முடியும். அன்று மேசையில் நாலு ஆர்ட்டின் விழுந்தன. ஆர்ட்டின் ஏஸ் காட்ஸிடம் இருந்தது. டிரைனன் எழுந்து போக வேண்டியதாயிற்று.

நம் மேசையிலும் இதே பாடம் உண்டு. எதிரே ஏஸ் ஜோடி வைத்திருப்பவரிடம் இஸ்பேட் ஏஸ் இருந்தால் அது படை. இல்லாவிட்டால் அது வெறும் ஜோடி. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு கைகள். அதைவிடச் சுவையான கை ஒன்று உண்டு: இஸ்பேட் ஏஸும், கூடவே எதற்கும் பொருந்தாத ஒரு சீட்டும். இவரிடம் இன்னும் எதுவும் சேரவில்லை. ஆனால் மேசையில் வேறு யாரிடமும் மிகப் பெரிய ஃப்ளஷ் இல்லை என்பது இவர் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அதற்கான சீட்டு இவர் கையில். ஆகவே இவர் பெரிய ஃப்ளஷ் வைத்திருப்பவர்போல நடந்து, இடைப்பட்ட ஃப்ளஷ்களைக்கூடக் கவிழ்க்கவைக்க முடியும். கையில் நாலு சீட்டு கொடுக்கும் ஓமஹா ஆட்டத்தில் இந்த ஒற்றை ஏஸ் மிரட்டல் மிகப் பழைய வித்தை. உண்மையான செட் வைத்திருப்பவர் மெல்ல நடக்க, ஒன்றுமில்லாத ஏஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். ஒரே இன ஃப்ளாப்பின் நகைச்சுவை அதுதான்.

சின்னப் பந்தயம் என்பது நேற்றுவரை கோழையின் ஆட்டமாகவே பார்க்கப்பட்டது. 1970களின் இறுதியில் டாய்ல் பிரன்சன் வெளியிட்ட சூப்பர் சிஸ்டம் நூல் ஒரு தலைமுறைக்கு முரட்டு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது. ஆபத்தான மேசையில் நல்ல கையைக் காப்பாற்ற ஓங்கி அடி என்பது வாய்வழிப் பாடமாக நிலைத்தது. 2015-ல் பயோசால்வர் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்த பிறகு காற்று திசை மாறியது. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் எந்தக் கையை எப்படி ஆட வேண்டும் என்பதை அது கணக்கிட்டுச் சொல்லும். ஒரே இன ஃப்ளாப்பில் அது சொன்னது பழைய வீரர்களுக்குக் கசந்தது: அடிக்கடி செக், கட்டினால் நடுப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. காரணம் எளியது. ஃப்ளஷ் இரு தரப்புக்கும் வரக்கூடியது, ஆகவே பெரிய பந்தயத்துக்கு வேண்டிய தனிச் சாதகம் யாருக்கும் இல்லை. இஸ்பேட் இல்லாத உதிரிக் கைகளோ சின்னத் தொகைக்கே விலகிவிடுகின்றன. பெரிய தொகை சாதிப்பதைச் சிறிய தொகையே சாதிக்கும்போது கூடுதல் பணம் வீண். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் நான்கு தொழில்முறை வீரர்களை 1,20,000 கைகளில் தோற்கடித்த பிறகு, உள்ளுணர்வை மட்டும் நம்பி இயந்திரத்தை எதிர்த்துப் பேசுவது கடினமாகிவிட்டது.

இயந்திரம் சொன்னதை மனப்பாடம் செய்தவரின் ஆட்டம் ரசிக்கத்தக்கதா என்பது வேறு கேள்வி. மென்பொருளின் கணக்கு பிழையில்லாத எதிராளியை வைத்துப் போட்டது. வீட்டு மேசையில் சனிக்கிழமை இரவு உட்கார்ந்திருப்பவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒற்றை இஸ்பேட் ஒன்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு கேட்டாலும் போடுகிற மனிதர் எதிரே இருந்தால் 33 கட்டுவது அசட்டுத்தனம். 100 கேட்டு வாங்க வேண்டும். கணக்கைத் தெரிந்துகொண்டு, ஆளைப் பார்த்து, அதை மீறத் தெரிந்தவரின் ஆட்டமே பார்க்கத் தகுந்தது.

மற்றக் கைகளுக்குச் சில வார்த்தை. ராஜா–எட்டு என்ற இரண்டு ஜோடி, செட்டின் ஏழைத் தம்பி: ரிவருக்குள் ஃபுல் ஹவுஸாகும் வாய்ப்பு 16 சதவீதம் சொச்சம், செட்டுக்கு உள்ளதில் பாதி. அதனால் சின்னப் பந்தயத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. இஸ்பேட் ஆறும் ஐந்தும் வைத்து ஃப்ளஷ் சேர்த்தவர் மெத்தனமாக இருக்கக் கூடாது. ரிவருக்குள் இன்னொரு இஸ்பேட் விழ மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு; விழுந்தால் ஒரு ஜாக்கி போதும் இவர் கதை முடிய. பதுங்கியிருந்து பிறகு பாய்வது ஏஸ் உள்ள ஃப்ளஷுக்கு மட்டுமே கட்டுப்படியாகும், அதுவும் எப்போதாவது. எதிரே ஒருவருக்குப் பதில் மூவர் இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். யாராவது ஒருவரிடம் ஒரு இஸ்பேட்டாவது இருக்க, சீட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 78 சதவீத வாய்ப்பு. மூவருக்கு நடுவில் மூன்று எட்டை வைத்துக்கொண்டு ரெய்ஸ் மேல் ரெய்ஸ் போடுகிறவரைத் துணிச்சல்காரர் என்று சொல்ல முடியாது.

இந்த ரசனைக்கு இணையத்தில் காசு கட்டத் தேவையில்லை. இந்தியாவில் அதற்கு இப்போது சட்டமும் இடம் தரவில்லை. தமிழக அரசின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி, இரண்டும் திறமை விளையாட்டுகள் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்துவிட்டது. வீட்டில் ரம்மிக் கட்டு இருக்கிறதா? ஜோக்கர்களை எடுத்துவிட்டு, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே இனத்தில் மூன்று சீட்டை நடுவில் வைத்துவிட்டு மீதியைக் குலுக்கிப் போடுங்கள். செட் வருகிற கைக்கு ஒருமுறை நூறையும் தள்ளிப் பாருங்கள், அடுத்தமுறை நடுவில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை வைத்துப் பாருங்கள். எதிரே எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.